பிடித்த சொல்லை வாயில் வைத்துப் பார்க்கும் முறை

காரணம் சொல்லத் தெரியாமலேயே பிடித்துப்போன சில சொற்கள் எல்லோரிடமும் இருக்கும். ஏன் பிடிக்கிறது என்று கேட்டால், கேட்கவே நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் விளக்கம் வராது. அந்த இன்பத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதற்கு இலக்கணப் புலமை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கொஞ்சம் பொறுமையும், பிறர் இல்லாத ஓர் அறையும் போதும். அறை ஏன் தனியாக இருக்க வேண்டும் என்றால், இந்த வேலையில் பெரும்பகுதி சொல்லை வாய்விட்டுச் சொல்வதுதான். ஒரே சொல்லை முப்பது முறை சொல்லிக்கொண்டிருப்பவரை வீட்டார் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். ‘அம்மா’, ‘அன்பு’, ‘தாய்மொழி’ போன்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவை பிடிப்பதற்குப் பொருளே போதுமான காரணமாக இருப்பதால், ஓசையின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. பொருள் பெரிதாக ஒன்றும் தராத சொல்லாக, அல்லது பொருள் கொஞ்சம் கசப்பாகவே இருந்தும் சொல்லச் சுகமாக இருக்கும் சொல்லாக எடுத்துக்கொள்வது நல்லது. ‘அலங்கோலம்’ அத்தகையது. ‘களேபரம்’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு: வடமொழியில் உடலைக் குறித்த சொல், தமிழில் பிணத்தையும் குறித்து, இன்று பேச்சுவழக்கில் குழப்பத்தையும் கூச்சலையும் குறிக்கிறது, பிணமும் கூச்சலும் யாருக்கும் இனிக்கப் போவதில்லை, ஆனாலும் நடுவில் நீளும் அந்த ‘ளே’யைச் சொல்ல நாக்கு ஆசைப்படுகிறது. இங்கே எடுத்துக்காட்டாக நான் ‘ததும்பு’ என்ற சொல்லை வைத்துக்கொள்கிறேன். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.

அடுத்தது, சொல்லிலிருந்து பொருளைச் சிறிது நேரம் கழற்றி வைப்பது. இதற்கு எளிய உத்தி, அச்சொல்லை இருபது முப்பது முறை இடைவிடாமல் சொல்வது. ஒரு கட்டத்தில் பொருள் கழன்றுபோய், வெறும் ஓசைத் துண்டு ஒன்று வாயில் எஞ்சும். சிறுவயதில் விளையாட்டாக இதை எல்லோரும் செய்திருப்போம். நம் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி, அது யாருடைய பெயரோ என்று தோன்றும்வரை போயிருப்போம். பொருள் சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடும், அஞ்ச வேண்டியதில்லை. வருவதற்குள் அந்த ஓசை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால், நீங்கள் விரும்பியது பொருளையோ அதைச் சொன்ன ஆளையோதான். எனக்கு ‘நாழிகை’ அப்படித்தான் கைவிட்டுப் போனது. முப்பதாவது முறைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ‘இன்னும் ரெண்டு நாழிகை இருக்கு’ என்று சொல்லும் ஆச்சியின் குரல்தான் அந்தச் சொல்லில் இருந்தது. அதுவும் விரும்பத்தக்கதே, ஆனால் வேறு பக்கத்தில் எழுத வேண்டிய விருப்பம்.

இப்போது சொல்லை மிக மெதுவாகச் சொல்லுங்கள், ஒரு கை விரல்களைத் தொண்டைக் குழியின்மேல் வைத்துக்கொண்டு. ‘த’ என்று தொடங்கும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டு விலகுகிறது; அந்தத் தொடுகையில் தொண்டை அசையாது, பிறகு வரும் அகரத்தில்தான் அதிரும். அடுத்த ‘து’வில் நாக்கு அதே இடத்துக்குப் போகிறது, ஆனால் இம்முறை முட்டுவதில்லை, உரசிக்கொண்டு நழுவுகிறது, தொண்டையின் அதிர்வும் நிற்பதில்லை. எழுத்தில் இரண்டும் ஒரே தகரம்தான். சொல்லின் தொடக்கத்தில் கடினமாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையில் மெலிந்தும், மெல்லின ஒற்றுக்குப் பின் அதிர்ந்தும், இரட்டித்தால் மீண்டும் இறுகியும் ஒலிப்பது தமிழ் வல்லினத்தின் இயல்பு. நாம் எழுதும்போது இதைக் கவனிப்பதே இல்லை. காது மட்டும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு பகரமும் ஒன்றாக இரா. ‘தித்திப்பு’, ‘கங்கு’, ‘தந்தம்’ எல்லாவற்றிலும் இதே வேடிக்கை நடக்கும்.

‘ததும்பு’வுக்குத் திரும்புவோம். ‘ம்’ வருகிறது, உதடுகள் மூடுகின்றன, மூச்சு மூக்கு வழியே போகிறது, வாய் நிறைந்து நிற்கிறது. அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்துங்கள். விளிம்புவரை நிரம்பிய பாத்திரம் எப்படி நிற்குமோ அப்படித்தான் அந்தக் கணத்தில் உங்கள் வாய் இருக்கிறது. பிறகு ‘பு’வில் உதடு மெல்லப் பிரிகிறது, ஆனால் அது முழு உகரம் அன்று, குற்றியலுகரம், அரை மாத்திரைதான், உதடு குவிவதற்குள் முடிந்துவிடுகிறது. வழிந்தது ஒரு சொட்டுக்கு மேல் இல்லை.

மாத்திரைக் கணக்கை எழுதிக்கொள்வதும் பயன் தரும். இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதுமே தொல்காப்பியம் தரும் அளவு: குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் ½. ‘ததும்பு’ 3 மாத்திரை. ‘தாலாட்டு’ 5, அதில் 4 மாத்திரை முதல் இரண்டு எழுத்துகளிலேயே செலவாகிவிடுகிறது, முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்டம், அதன்பின் ‘ட்டு’ என்று தொட்டில் நின்றுவிடுகிறது. ‘படபட’ 4, எல்லாமே குறில், நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது நெடிலுக்கு நேரம் ஏது. எல்லாச் சொல்லிலும் கணக்கு இப்படிப் பொருளோடு ஒத்துவராது. வராதபோது வரவில்லை என்று எழுதிவிட்டு மேலே போக வேண்டும்.

இதுவரை செய்தது சொல்லை உற்றுப் பார்த்தது மட்டுமே. உற்றுப் பார்த்தால் எந்தச் சொல்லிலும் எதையாவது கண்டுபிடித்துவிடலாம் என்பதால், இதற்கு மேல்தான் உண்மையான சோதனை இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஏறத்தாழ அதே பொருளும், முடிந்தால் அதே மாத்திரையும் உள்ள இன்னொரு சொல்லை அதே தொடரில் வைத்துப் பாருங்கள். ‘ததும்பு’வுக்கு இந்தத் துணை கையோடு கிடைக்கிறது: ‘தளும்பு’. இரண்டும் 3 மாத்திரை, இரண்டும் மென்தொடர்க் குற்றியலுகரம், வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. ‘நிறைகுடம் தளும்பாது’ என்பது பழமொழி. ‘ததும்பாது’ என்றும் சிலர் சொல்வார்கள். என் காதுக்கு அங்கே ‘தளும்பாது’தான் சரி. காரணம் ளகரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைத்துவிட, மூச்சு நாக்கின் இரு ஓரங்களாலும் வழிந்து வெளியேறுகிறது. லகர ளகரங்களின் பிறப்பைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியமும் நாவின் விளிம்பு வீங்குவதைத்தான் முதலில் குறிப்பிடுகிறது. இடுப்பில் இருக்கும் குடத்து நீர் நடைக்கு நடை பக்கவாட்டில் அலம்பி வெளியேறுவதும் அப்படித்தானே. கிணற்றடியிலிருந்து நான் சின்னக் குடத்தைத் தூக்கி வரும்போது, ‘தளும்பாம கொண்டா, ராசா’ என்றுதான் ஆச்சி குரல் கொடுப்பார். ததும்பாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தால் நான் நடக்காமல் நின்றிருப்பேன். கண்ணீரோ ஆடி அலம்புவதில்லை, இமை விளிம்பில் தேங்கி நிற்கிறது. அதற்கு ‘ததும்பு’வே பொருந்துகிறது. இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்த அன்றுதான், எனக்குப் பிடித்தது அந்த நிற்றல் என்று தெளிவாகத் தெரிந்தது.

இரட்டைச் சொல் இவ்வளவு வசதியாக எப்போதும் வாய்க்காது. பொருளால் மட்டும் ஒத்த சொற்களை வைத்துக்கொண்டும் சோதிக்கலாம். நிலா, திங்கள், மதி, சந்திரன், அம்புலி ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘நிலா’வில் வாய் திறந்தபடியே முடிவதால் குரலை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம். ‘சந்திரன்’ கடைசி ஒற்றில் மூடிக்கொள்கிறது. கூப்பிட வேண்டுமென்றால் அதை விட்டுவிட்டு ‘சந்திரா’ என்று ஆக்க வேண்டியிருக்கிறது. தமிழ் விளிவேற்றுமை செய்கிற வேலையில் ஒரு பகுதி, மூடிய வாயைத் திறந்துவிடுவதுதான். ‘அம்புலி’யோ கூப்பிடுவதற்கு உரிய சொல் அன்று, இடுப்பில் இருக்கும் குழந்தையிடம் சுட்டிக்காட்டிச் சொல்வதற்கு உரியது, உதட்டை மூடித் திறக்கும் ‘ம்பு’வைப் பால்குடி மாறாத பிள்ளையும் திருப்பிச் சொல்லிவிடும். ‘மதி’ எழுத்துக்கு நல்ல சொல். மாடியில் நின்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் திரும்பிப் பார்க்கக்கூடும்.

மூன்றாவது சோதனை, உங்கள் சொல்லை வேறொருவர் வாயால் கேட்பது. முடிந்தால் வேறு ஊர்க்காரராகப் பாருங்கள். தென்மாவட்டங்களில் பலர் ‘மழை’யை ‘மள’ என்றே சொல்வார்கள். சென்னைப் பேச்சில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். பெயரிலேயே ழகரம் தாங்கிய யாழ்ப்பாணத்தை அவ்வூர்க்காரர்கள் பேச்சில் ‘யாப்பாணம்’ என்பார்கள். இவற்றைப் பிழை என்று ஒதுக்கிவிட்டால் சோதனையே நடக்காது. உங்களுக்குப் பிடித்த சொல் இன்னொருவர் வாயில் வேறு ஓசை பெற்ற பிறகும் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நம் சொந்தப் பேச்சிலேயே சொல்லின் கடைசி மகரம் மறைந்து, மூக்கொலியாக மட்டும் நிற்கிறது. பம்பரத்தை எழுத்துத் தமிழில் சொன்னால் உதடு மூன்று முறை ஒட்டும், பேச்சில் இரண்டே முறை. மூன்றாவது ஒட்டலைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்றால், உங்கள் விருப்பம் மேடைத் தமிழின்மேல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ழகரத்தைப் பற்றி ஒரு முறையீடு. பிடித்த சொல் எது என்று நாலு பேரிடம் கேட்டால் மூவர் ழகரச் சொல் ஒன்றைச் சொல்வார்கள், ஏன் என்றால் ‘ழ இருக்கிறதே’ என்பார்கள். அது காரணம் ஆகாது. புழு, இழவு, அழுகல், கழிவு, பாழ் எல்லாவற்றிலும் அதே எழுத்துதான் இருக்கிறது. நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்பது அதன் தொடர். ஒற்றுதலோ முட்டுதலோ இல்லாமல் ‘வருட’ என்ற வினையைத் தேர்ந்தெடுத்த அந்தக் காதை நான் வணங்குகிறேன். ஆனால் ரகரத்துக்கும் அதே நூற்பாவில் அதே வருடல்தான் சொல்லப்பட்டிருக்கிறது, ரகரத்தை யாரும் கொண்டாடக் காணோம். ழகரம் எங்கே, எதோடு சேர்ந்து இனிக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ‘குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்’ என்ற 66ஆம் குறளில் அது மூன்று இடத்தில் வருகிறது. குழலும் யாழும் மழலையும் ஆகிய மூன்று இனிய ஒலிகளும் ஒரே எழுத்தால் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே இனிப்பது அந்தத் திரும்பி வருதல். தனியாக ஒரு ‘யாழ்’ அவ்வளவு இனிக்குமா என்று சொல்லிப் பாருங்கள்.

இன ஒலிகளைக் கொண்டு பொதுவிதி காண்பதிலும் கவனம் வேண்டும். வழவழ, கொழகொழ, மெழுகு, வழுக்கு என்று வழுவழுப்பானவை ஒரு பக்கமும், சொரசொர, கரடு, முரடு, மொறுமொறு என்று சொரசொரப்பானவை மறுபக்கமும் நிற்பதைப் பார்த்தால், ஓசைக்கும் தொடுகைக்கும் ஏதோ உறவு இருப்பது வெளிப்படை. அப்பளத்தைக் கொழகொழவென்று நொறுக்கினேன் என்று யாராவது எழுதினால் சிரிப்பு வருகிறது. இந்த உறவு நம் மொழிக்கு மட்டும் உரியதும் அன்று. உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் 1929இலேயே, பொருளற்ற இரண்டு சொற்களில் எது வளைந்த வடிவத்துக்கு, எது கூரிய வடிவத்துக்கு என்று கேட்டுப் பார்த்தார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் ‘பூபா’, ‘கிக்கி’ என்ற பெயர்களோடு இதை மீண்டும் எடுத்துப் பேசினார்கள். முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் வடிவம் கிக்கி, உருண்டு திரண்டது பூபா என்பதே மிகப் பெரும்பாலோரின் விடை. உங்கள் வீட்டில் ஒரு தாளில் இரண்டு வடிவங்களை வரைந்து கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இருந்தாலும் விதி கண்ட மகிழ்ச்சியில் தடுமாறிவிடக் கூடாது என்பதற்கு என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. வண்டைக் குறிக்கும் சொற்களை ஒரு நாள் எழுதிப் பார்த்தேன்: வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு. நான்கிலும் மெல்லினம் ரீங்கரிக்கிறது. ‘ஞிமிறு’ என்ற சங்கச் சொல்லில் ஞகரமும் மகரமும் அடுத்தடுத்து வந்து, மூக்கினுள்ளேயே ஒரு வண்டு புகுந்துவிட்டாற்போல் இருக்கிறது. அதையே எழுத்து முன்பின்னாக மாற்றி ‘மிஞிறு’ என்றும் வழங்கியிருக்கிறார்கள், இலக்கணப்போலிக்குக் காட்டும் சொல் அது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் ரீங்காரம் குறையவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று பக்கத்தின் தலையில் கோடிட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்து ‘அளி’ நினைவுக்கு வந்தது. அதுவும் வண்டுதான், அதில் ஒரு மெல்லெழுத்தும் இல்லை. கோடிட்ட வரியை அடிக்கவில்லை, பக்கத்தில் ‘அளி’ என்று மட்டும் எழுதி வைத்தேன். உங்கள் ஏட்டிலும் இப்படிப்பட்ட இடையூறுச் சொற்களுக்கு இடம் விடுங்கள்.

தனிச்சொல் பழகிவிட்டால் தொடர்களுக்கும் இதே முறையைக் கொண்டுபோகலாம். திருக்குறளின் துறவு அதிகாரம் நல்ல பயிற்சிக்களம். அதன் முதற்குறளை, ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’ என்பதை, கண்ணாடியின் முன் நின்று சொல்லுங்கள். ‘நோ’வில் உதடு குவியும், ஆனால் ஓரிடத்திலும் ஒட்டாது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், ‘பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு’. இதில் ஆறு முறை உதடு ஒட்டுகிறது, பற்று என்ற சொல் வரும் ஆறு இடத்திலும். நீங்குவதைச் சொல்லும் குறள் 341இல் உதடுகள் நீங்கியே இருப்பதையும், பற்றச் சொல்லும் 350இல் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதையும் பலர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணாடியில் பார்ப்பது மேல்.

குறிப்பேட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சொல், அதைக் கேட்ட இடம், சொன்னவர் குரல், மாத்திரை, மாற்றிப் பார்த்த சொல், இவ்வளவு போதும். சொல்லின் பழைய வடிவமோ பொருளோ வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், ஆனால் வாயால் சொல்லிப் பார்த்து முடித்த பிறகு பாருங்கள்; முதலிலேயே பார்த்தால் அதன் பொருள் வரிசை உங்கள் காதை அடைத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய பக்கங்களைத் திரும்பச் சொல்லிப் பார்த்து, இனிப்பு விட்டுப்போனவற்றின் அருகே ஒரு புள்ளி வையுங்கள். வருத்தப்பட ஒன்றும் இல்லை. என் ஏட்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் புள்ளி விழுந்திருக்கிறது.

அண்மையில் எழுதிய சொல் ‘கொசுறு’. கேட்ட இடம் காய்கறிக் கடை. 2½ மாத்திரை, நெடிலும் இல்லை, ஒற்றும் இல்லை, தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. தராசில் ஏறாமல் பைக்குள் விழும் அந்தக் கைப்பிடி போலவே. மாற்றிப் பார்க்க ‘உபரி’யை எடுத்தேன், அது அலுவலகக் கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை கடையிலேயே சோதித்துவிடலாம் என்று, ‘கொஞ்சம் இனாம் போடுங்கண்ணே’ என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கணம் விழித்துவிட்டு, ‘கொசுறா? அதைச் சொல்லுங்க’ என்று சிரித்தபடி ஒரு பிடி கறிவேப்பிலையை அள்ளிப் பைக்குள் போட்டார்.